மூன்று ஃபோர்க்லிஃப்ட்களும் ஒரு மருந்துப் பதிவேடும்: ரங்கூன் உளுந்துக் கிட்டங்கியில் பழுது பார்ப்பதா, மாற்றுவதா என்று முடிவெடுத்த கதை

பின்னணி

ரங்கூன் பாயின்னாவுங் மொத்தச் சந்தையிலிருந்து லாரியில் கால் மணி நேரம் போனால் எங்கள் கிட்டங்கி வரும். சரக்குக் கிடங்குக்குச் செட்டியார்கள் காலத்துச் சொல்லான 'கிட்டங்கி'யை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் விடவில்லை, அதனால் எங்கள் வாயிலும் அதுதான் வருகிறது. உளுந்து, துவரை, பச்சைப் பயறு இங்கே வந்து இறங்கும். சலித்து, மூட்டை கட்டி, வண்டு விழாமல் இருக்க மருந்து வைத்து, கன்டெய்னரில் ஏற்றி இந்தியாவுக்கு அனுப்புகிறோம். 2021 ஜூனில் இந்தியா மியான்மரிடமிருந்து ஆண்டுக்கு 2.5 லட்சம் டன் உளுந்தும் 1 லட்சம் டன் துவரையும் ஐந்து நிதியாண்டுகளுக்கு வாங்குவதாக உடன்பாடு செய்தது. அதன் பிறகு வேலை தொடர்ச்சியாக இருந்தது. அதற்கேற்ப வண்டிகளின் மேல் சுமையும் ஏறியது.

கிட்டங்கியின் இயந்திரங்களும் சரக்கு இருப்புக் கணக்கும் என் பொறுப்பு. உரிமையாளரை ஐயா என்றே குறிப்பிடுகிறேன். வேறு எவர் பெயரும் இதில் வராது. விலைகளை வெளியே சொல்ல வேண்டாம் என்று ஐயா கேட்டுக்கொண்டார். ஆகவே செலவுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு மட்டுமே சொல்கிறேன்.

எங்களிடம் மூன்று ஃபோர்க்லிஃப்ட்கள், அதாவது மூட்டை அடுக்குகளைத் தூக்கும் வண்டிகள், இருந்தன. மூன்றும் ஜப்பானிலிருந்து பழையதாக வந்தவை.

முதல் வண்டி 2.5 டன் தூக்கும் டீசல் வண்டி. வயது இருபதுக்கு மேல். மணி மீட்டரை யாரோ எப்போதோ மாற்றியிருந்தார்கள், அதில் தெரிந்த எண்ணை நம்ப முடியாது. எவ்வளவு எடையைத் தூக்கலாம் என்று சொல்லும் தகடும் இல்லை.

இரண்டாவதும் 2.5 டன் டீசல்தான். 9,400 மணி நேரம் ஓடியிருந்தது. எங்களிடம் வந்த நாள் முதல் அதற்குப் பதிவேடு உண்டு.

மூன்றாவது 2 டன் மின் வண்டி, 48 வோல்ட், 24 செல் கொண்ட ஈய அமில பாட்டரி. 2019இல் வாங்கினோம். புகை இல்லை என்பதால் கிட்டங்கியின் உள்பக்க வேலை முழுவதும் இதனுடையது.

2023 நவம்பரில் ஐயா கேட்ட கேள்வி நேரானது. "மாசி, பங்குனியில புது உளுந்து வந்து இறங்கும். அதுக்குள்ள எதைச் செப்பம் பண்றது, எதை வித்துத் தொலைக்கிறதுன்னு சொல்லு." நெல் அறுத்த வயலில் விதைக்கும் உளுந்து பிப்ரவரி, மார்ச்சில் அறுவடைக்கு வரும். அப்போது ஒரு வண்டி ஒரு நாள் நின்றால்கூட லாரிகள் வாசலில் வரிசை கட்டும். கையில் மூன்று மாதம்தான் இருந்தது.

முதல் கணக்கு, அதில் இருந்த ஓட்டை

இந்த ஊரில் பழுது பார்க்கும் பக்கம் சாய்வது இயல்பு. மெக்கானிக் கூலி குறைவு, வண்டி விலையோ டாலரில். 2022 ஆகஸ்டிலிருந்து மத்திய வங்கியின் விகிதம் டாலருக்கு 2,100 சட் (மியான்மர் நாணயமான கியாட்) என்று நின்றிருந்தது, வெளியே யாரும் அந்த விலைக்குத் தரவில்லை. இறக்குமதி உரிமமும் எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது. 'மாற்றிவிடலாம்' என்று இங்கே ஒருவர் சொன்னால், பல மாதம் காத்திருக்கவும் தயார் என்பதையும் சேர்த்தே சொல்கிறார்.

அதனால் நானும் முதலில் பழுதுச் செலவை மட்டும் கூட்டினேன். கடந்த பன்னிரண்டு மாதத்தில் அதிகம் செலவு வைத்தது முதல் வண்டி, குறைவாக வைத்தது மின் வண்டி. அந்தத் தாளைப் பார்த்தால் முதலாவதை விற்று, மற்ற இரண்டையும் வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும்.

அப்புறம் வண்டிகள் நின்ற நாட்களை எண்ணினேன். முதல் வண்டி 31 நாள், இரண்டாவது 12 நாள், மின் வண்டி 44 நாள். செலவு குறைந்த வண்டிதான் அதிக நாள் நின்றிருந்தது. ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு சின்ன பாகத்தைத் துடைத்தோ மாற்றியோ ஓட்டிவிட்டார்கள், அதனால் பில் சிறியது. அந்த நாட்களில் மூட்டை தூக்க ஆள் வைத்த கூலியும் வாடகை வண்டிக்குக் கொடுத்ததும் வேறு கணக்கில் கிடந்தன. இரண்டையும் சேர்த்தபோது மின் வண்டியே கிட்டங்கியின் மிக விலையுயர்ந்த வண்டி என்று தெரிந்தது.

ஐயா உடனே சொன்னார்: "கரண்ட் வண்டியைக் கொடுத்துட்டு இன்னொரு டீசல் எடுத்துடலாம்." கணக்கு அவர் பக்கம் இருந்ததால் நானும் ஒப்புக்கொண்டேன். தரகரிடம் பேசவும் செய்தேன்.

டீசல் வண்டிகளில் கண்டது

முதல் வண்டியைக் குழி மேல் நிறுத்திக் கழுவச் சொன்னோம். இதை நான் முன்பே செய்திருக்க வேண்டும். கிரீஸும் உளுந்துத் தூசியும் கெட்டியாகப் படிந்திருந்த இடத்தைச் சுரண்டியபோது மாஸ்டின், அதாவது சரக்கை ஏற்றி இறக்கும் நிமிர்ந்த தூணின், அடிப்பக்க இரும்பில் பழைய வெல்டிங் தெரிந்தது. வெல்டிங் ஓரத்திலேயே புதிதாக ஒரு விரிசல். சரக்கைத் தாங்கும் இரும்புக் கையான ஃபோர்க்கின் குதிகால், அதாவது அது வளைந்து நிமிரும் இடம், 40 மில்லிமீட்டர் இருக்க வேண்டியது 35.5 இருந்தது. பத்தில் ஒரு பங்கு தேய்ந்தால் ஃபோர்க்கைக் கழற்றிவிட வேண்டும் என்பது தொழிலில் ஏற்ற அளவு. அந்தப் பத்து சதவீதத் தேய்மானத்தில் தாங்கும் வலு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். நாங்கள் அந்த எல்லையைத் தாண்டி ஓட்டிக்கொண்டிருந்தோம்.

விரிசல் வந்த காரணம் எங்கள் மூட்டைக் கணக்கில் இருந்தது. ஏற்றுமதி மூட்டை 50 கிலோ. பேலட்டில், அதாவது மூட்டை அடுக்கும் தட்டில், 36 மூட்டை அடுக்கினால் 1.8 டன். ஆனால் உள்ளூரிலிருந்து வந்து இறங்கும் மூட்டை சில வீசைக் கணக்கில் கட்டியது. பர்மா வீசை சுமார் 1.63 கிலோ, 40 வீசை மூட்டை 65 கிலோவுக்கு மேல். அதையும் பழக்கத்தில் அதே 36 அடுக்கினார்கள். 2.35 டன், அதோடு பேலட்டின் எடையும். 2.5 டன் வண்டிதானே, போதாதா என்று கேட்கலாம். போதாது. 2.5 டன் என்பது சரக்கின் நடுப்புள்ளி ஃபோர்க்கின் முதுகிலிருந்து 500 மில்லிமீட்டரில் இருக்கும்போது. எங்கள் பேலட்டின் நீளம் 1.2 மீட்டர், நடுப்புள்ளி 600இல் விழும். அங்கே திறன் பத்தில் ஒரு பங்கு குறையும். உயரத் தூக்கினால் இன்னும் குறையலாம். அதைச் சொல்லும் தகடு இல்லாத வண்டியில், ஓட்டுநர் தன் உடம்பின் உணர்வை வைத்தே ஓட்டியிருக்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தகடு இல்லாத வண்டியை அவர் கையில் கொடுத்தது நாங்கள்.

இரண்டாவது வண்டியின் நிலை வேறு. எஞ்சின் நன்றாக இருந்தது. மாஸ்ட் சங்கிலியை இழுத்துவைத்து 20 கண்ணியை அளந்தோம். புதிதில் 381 மில்லிமீட்டர் இருக்க வேண்டியது 390 இருந்தது. மூன்று சதவீதம் நீண்டால் மாற்ற வேண்டும், அதாவது 392.4. எல்லைக்கு வெகு அருகில். ஹைட்ராலிக் பம்ப் சூடானதும் தளர்ந்தது, சிலிண்டர் சீல் கசிந்தது, முன் டயர்கள் தேய்ந்து முடிந்திருந்தன. எல்லாமே தேய்ந்தால் மாற்றுவதற்கென்றே செய்த பாகங்கள். வண்டியின் சட்டகத்தில் குறை எதுவும் இல்லை.

மின் வண்டி: ஓட்டுநர் சொன்ன ஒரு வரி

மின் வண்டியை விலை பேச ஆள் வரும் முன், அதை ஓட்டும் தம்பியிடம் என்னென்ன கோளாறு என்று எழுதி வாங்கப் போனேன். அவன் சொன்னது: "ஓடிக்கிட்டே இருக்கும், திடீர்னு நின்னுடும் அண்ணே. சாவியை அணைச்சுப் போட்டா மறுபடி ஓடும். சில நாள் தூக்காது. மருந்து வாசம் வந்துச்சுன்னா அடுத்த வாரம் வண்டி மக்கர் பண்ணும்னு நாங்களே பேசிக்குவோம்."

கடைசி வாக்கியத்தை முதலில் நான் காதில் வாங்கவே இல்லை. மின்சாரம் ஏறி இறங்குவதுதான் காரணம் என்று எல்லோரும் நம்பினோம். ரங்கூனில் மின்சாரம் வரும் நேரமும் நிலையில்லை, வோல்டேஜும் நிலையில்லை. வேறு காரணம் தேட எங்களுக்குத் தோன்றவில்லை.

மறுநாள் பர்மியர் ஒருவர், நாங்கள் ஸயா என்று அழைக்கும் மூத்த எலெக்ட்ரீஷியன், வண்டியின் மின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரின் மூடியைத் திறந்தார். செம்புப் பட்டைகளும், மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் கான்டாக்டர்களின் முனைகளும் கறுத்து, ஓரங்களில் பச்சை பூத்திருந்தன. வோல்டேஜ் அடித்திருந்தால் கருகிய வாடையும் உருகிய இடமும் இருக்கும், இதில் அப்படி எதுவும் இல்லை என்று காட்டினார். அரிசிக் கிடங்கு ஒன்றில் இதே நிறத்தைப் பார்த்ததாகவும் சொன்னார். எங்கள் அலுவலக ஏசியின் செம்புக் குழாய் ஒரே ஆண்டில் இரண்டு முறை ஓட்டை விழுந்தது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

அன்றிரவு இரண்டு பதிவேடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒன்றில் வண்டி நின்ற தேதிகள், மற்றதில் மருந்து வைத்த தேதிகள். ஓராண்டில் மின் வண்டி 11 முறை நின்றிருந்தது. அதில் 9 முறை, பக்கத்து அடுக்குக்கு மருந்து வைத்த பத்து நாளுக்குள்.

பருப்பு வண்டுக்காக நாங்கள் வைப்பது அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை. காற்றின் ஈரத்தைக் குடித்து அது பாஸ்பீன் வாயுவை விடும். 3 கிராம் மாத்திரையில் 1 கிராம் வாயு. அடுக்கைத் தார்ப்பாயால் மூடி, ஓரத்தில் மணல் பாம்பு, அதாவது நீளமான மணல் பை, வைத்து ஒரு வாரம் விடுவோம். பாஸ்பீன் செம்பு, பித்தளை, வெள்ளி போன்றவற்றை அரிக்கும், ஈரக் காற்றில் வேகமாக. ரங்கூனில் மே முதல் அக்டோபர் வரை ஈரத்துக்குப் பஞ்சமில்லை. மின் வண்டியை இரவில் சார்ஜுக்கு நிறுத்தும் இடம் மருந்து வைக்கும் வரிசையிலிருந்து பன்னிரண்டு அடி. இவ்வகை மருந்தின் பயன்பாட்டுக் குறிப்பில், வாயு படக்கூடாத பொருட்களின் பட்டியலில் ஃபோர்க்லிஃப்ட்டும் பாட்டரி சார்ஜரும் பெயரோடு இருக்கின்றன. மருந்து டப்பா இத்தனை ஆண்டாக என் மேசைக்குப் பின்னால் உள்ள அலமாரியில்தான் இருந்தது.

வண்டியைப் பற்றிய யோசனை அந்த இடத்தில் எனக்கு நின்றுபோனது. செம்பை அரிக்கும் அளவு வாயு தார்ப்பாய்க்கு வெளியே வருகிறது என்றால், அதே இடத்தில் ஆட்கள் மூச்சு விடுகிறார்கள். நாள் முழுக்க வேலை செய்யும் இடத்தில் பாஸ்பீனுக்கு 0.3 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் 0.3 பங்கு) என்ற எல்லை நெடுங்காலம் வழக்கில் இருக்கிறது. 50 பிபிஎம் உடனே உயிருக்கு ஆபத்தானது. பூண்டு போன்ற வாசம் வந்தால் எச்சரிக்கை என்று நினைப்பார்கள், ஆனால் வாசம் இல்லாவிட்டால் வாயு இல்லை என்று கொள்ளக் கூடாது. எங்கள் ஆட்கள் வாசத்தோடு வேலை பார்த்திருக்கிறார்கள், அதை எங்களிடம் சொல்லவும் இல்லை. தலைவலி என்று அவ்வப்போது அரை நாள் விடுப்பு எடுத்தவர்களின் பெயர்களை நான் அப்போதுதான் திரும்பப் பார்த்தேன். அவை அதே தேதிகளோடு ஒத்துப்போனதா என்று உறுதியாகச் சொல்ல என்னிடம் போதிய பதிவு இல்லை. பார்க்கத் தோன்றாமல் போனதே என்று இன்றும் வருத்தம் உண்டு.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

2023 டிசம்பர் முதல் வாரத்தில் ஐயா, நான், ஸயா, இரண்டு ஓட்டுநர்கள் உட்கார்ந்து பேசினோம்.

வண்டிகளைத் தொடும் முன் மருந்து வைப்பதை நிறுத்தினோம். கிழிந்த தார்ப்பாய்களைக் கழித்துப் புதியவை வாங்கினோம். வாயு அளக்கும் குழாய்கள் வந்து சேரும் வரை புதிதாக மருந்து வைக்கவில்லை. இதனால் ஒரு கப்பல் தள்ளிப்போனது. ஐயாவுக்கு அது பெரிய இழப்பு. "மனுசன் முக்கியம், கப்பல் அடுத்து வரும்" என்று அதற்கு மேல் பேசவில்லை.

முதல் வண்டியைக் கழித்தோம். மாஸ்டை மாற்றினால் வண்டியின் சந்தை விலையில் பாதிக்கு மேல் செலவாகும், அதற்குப் பிறகும் எஞ்சினின் வயது தெரியாது. விற்பதில் ஒரு தகராறு வந்தது. முழு வண்டியாகக் கேட்ட தரகர் இரும்பு விலையைப் போல இரு மடங்கு தருவதாகச் சொன்னார். விரிசல் விழுந்த மாஸ்டோடு விற்றால் அது இன்னொரு கிட்டங்கியில் இன்னொருவர் தலைக்கு மேல் பேலட்டைத் தூக்கும். ஃபோர்க்கையும் மாஸ்டையும் வெட்டிய பிறகே கொடுத்தோம்.

இரண்டாவது வண்டியைப் பழுது பார்த்தோம். பதிவேடு இருந்ததும், தேய்ந்தவை எல்லாம் மாற்றத் தக்க பாகங்களாக இருந்ததும் காரணம். செலவு, அதே தரத்தில் பழைய வண்டி வாங்கும் விலையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழ். இரு பக்கச் சங்கிலியையும் ஒன்றாக மாற்றினோம், ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் சுமை கோணலாக ஏறும்.

மின் வண்டியை விற்கவில்லை. அதன் இடத்தில் புது வண்டி வாங்கி அதே மூலையில் நிறுத்தியிருந்தால் அதுவும் இதே வழியில் போயிருக்கும். டீசலுக்கு மாறியிருந்தால் கோளாறு மறைந்திருக்கும், வாயுக் கசிவு யார் கண்ணிலும் படாமல் தொடர்ந்திருக்கும். இதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. மூடிய கிட்டங்கிக்குள் டீசல் புகையும் நல்லதல்ல. அதைப் புற்றுநோய் தரக்கூடியது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2012இல் வகைப்படுத்தியது. டீசலுக்கு வரிசையில் நின்ற வாரங்களும் நாங்கள் முடிவெடுத்த ஆண்டில் இருந்தன.

ஸயா கான்டாக்டர்களை மாற்றினார், செம்புப் பட்டைகளைச் சுத்தம் செய்தார், கன்ட்ரோலர் போர்டை ரங்கூனிலேயே பழுது பார்க்கக் கொடுத்தார். வாசலுக்கு வெளியே, காற்று போகும் பக்கம் அல்லாமல், சார்ஜ் கொட்டகை ஒன்று போட்டோம். மருந்து வைக்கும் நாளில் மின் வண்டி உள்ளே இருக்கக் கூடாது, காற்றோட்டம் முடிந்து அளவு பார்த்த பிறகே வரலாம்.

பாட்டரியில் 24 செல்லையும் அமிலத்தின் அடர்த்தி காட்டும் ஹைட்ரோமீட்டரால் பார்த்தோம். முழு சார்ஜில் மற்றவை 1.270 அருகே இருக்க, மூன்று செல் 1.200ஐத் தாண்டவில்லை. முழு பாட்டரி மாற்றினால் வண்டியின் விலையில் பாதி. மூன்று செல்லை மட்டும் மாற்றலாம் என்று நான் சொன்னேன். ஸயா தயங்கினார். பணத்தைக் காட்டி நான்தான் வற்புறுத்தினேன்.

பின்னர் நடந்தவை

இரண்டாவது வண்டிக்கான ஹைட்ராலிக் பம்ப் தாய்லாந்திலிருந்து எல்லை ஊரான மியாவடி வழியாக வர வேண்டும். 2023 இறுதியில் அந்தச் சாலையில் சண்டையால் சரக்கு தடைபட்டது. பம்ப் பிப்ரவரிக்குள் வரவில்லை. கழித்த முதல் வண்டியின் பம்ப் இதற்குப் பொருந்தியது நல்ல காலம். அதைக் கழற்றிச் சீல் மாற்றிப் போட்டு அறுவடைப் பருவத்தை ஓட்டினோம். புதுப் பம்ப் கடல் வழியாக ஜூனில் வந்தது.

ஒரு டீசல் குறைந்ததால் மார்ச்சில் மூன்று வாரம் வாடகைக்கு ஒரு வண்டி எடுத்தோம். மூட்டைகளின் எடை தெரியாமல் பேலட் ஏறக் கூடாது என்று வாசலில் தராசு வைத்தோம். வீசை மூட்டைக்கு 30 என்று பேலட்டில் எண்ணிக்கை எழுதி ஒட்டினோம். முதல் வாரம் ஓட்டுநர்கள் முணுமுணுத்தார்கள், நடை கூடுகிறது என்று. பிறகு பழகிவிட்டது.

மின் வண்டி 2024 ஜனவரி முதல் டிசம்பர் வரை இரண்டு முறைதான் நின்றது. இரண்டும் சேர்த்து 3 நாள். அலுவலக ஏசியும் அதன் பிறகு ஓட்டை விழவில்லை. வாயு அளவுக் குழாய் இரண்டு முறை எல்லைக்கு மேல் காட்டியது, இரண்டு முறையும் மணல் பாம்பு நகர்ந்திருந்தது. ஆட்களை வெளியே அனுப்பிவிட்டு, முகக் கவசம் போட்ட மருந்துக்காரர் சரி செய்தார்.

பாட்டரி விஷயத்தில் ஸயாவின் தயக்கமே சரியானது. பழைய செல்களுக்கு நடுவே புதியவை மூன்று. சார்ஜ் ஆகும்போது அவை ஒன்றுபோல நடக்கவில்லை. மின்சாரம் பாதியில் போவதால் முழு எட்டு மணி நேரச் சார்ஜும் பல நாள் கிடைக்கவில்லை. பதினான்காம் மாதத்தில் வண்டி அரை ஷிஃப்ட்டைத் தாண்டவில்லை. முழு பாட்டரி வாங்கினோம். மூன்று செல்லுக்குக் கொடுத்த பணம் வீண்.

மறுபடி செய்தால் மாற்றிச் செய்வது

பாட்டரியை முதலிலேயே திறன் சோதனைக்குக் கொடுப்பேன். அமிலத்தின் அடர்த்தி மட்டும் பார்த்து முடிவெடுக்க மாட்டேன். செல் மாற்றுவதானால் அதே வயதுப் பழைய செல்லைத் தேடுவேன், கிடைக்காவிட்டால் முழுதாக மாற்றுவேன்.

நின்ற நாட்களையும் ஆள் கூலியையும் வண்டிவாரியாக எழுதும் முறையை அறுவடை முடிந்த உடனேயே தொடங்கியிருக்க வேண்டும். நவம்பரில் பழைய தாள்களைத் தேடித் தொகுக்கவே இரண்டு வாரம் போனது. சங்கிலியையும் ஃபோர்க்கையும் இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு முறை அளக்கிறோம்.

ஓட்டுநர்களை நான் கடைசியில் கேட்டேன், முதலில் கேட்டிருக்க வேண்டும். தரகரிடம் விலை பேசிய பிறகு அவர்களிடம் போனது தவறு.

மருந்துப் பதிவேட்டில் இப்போது இரண்டு கட்டங்கள் கூடுதலாக இருக்கின்றன. ஒன்றில் மின் வண்டி வெளியே போன நேரம், மற்றதில் திரும்ப உள்ளே வரும் முன் அளந்த வாயு அளவு. இரண்டிலும் கையெழுத்துப் போடுவது அந்த ஓட்டுநர் தம்பி. அவன் கையெழுத்து இல்லாமல் கதவு திறக்காது.